பாறை ஓவியமும் வேட்டை நம்பிக்கையும்: காணி மக்களோட பழக்கம் உள்ளவங்க உதவுங்க

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு நூலகத்துல பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாறை ஓவியம் பத்திப் பேசணும். ஒரு இடத்துல முட்டி நிக்கேன்.

மிருகத்தை வரைஞ்சா வேட்டை வாய்க்கும்னு ஆதிகாலத்து மக்கள் நம்பினாங்க. நாம எல்லாரும் படிச்ச விளக்கம் இதான். பிரெஞ்சுக்காரர் அன்றி புரூய் பரப்பினது. ஆனா பிரான்சுல பாறை ஓவியத்துக்குப் பேர்போன லாஸ்கோ குகையில கிடைச்ச எலும்பு பெரும்பாலும் பனிநாட்டுக் கலைமானோடது. சுவத்துலயோ குதிரைதான் நிறைய. தின்னது ஒண்ணு, வரைஞ்சது ஒண்ணு!

தென்னாப்பிரிக்கா டிராகன்ஸ்பர்க் மலையில சான் மக்கள் வரைஞ்ச ஒரு படம் பாருங்க. சாகப்போற எலண்ட் மான்; தலை தொங்குது, பின்னங்கால் பின்னிக்கிடக்கு, மயிர் சிலிர்த்து நிக்குது. வாலைப் பிடிச்சிருக்கிற ஆளுக்கும் கால் அப்படியே பின்னி, பாதம் இருக்கவேண்டிய இடத்துல குளம்பு. மருள் வந்த வைத்தியர் மானோட சக்தியை வாங்குறார்னு தொல்லியல் ஆய்வாளர் டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ் இந்தப் படத்தை வாசிக்கார். 1870களில் சான் மக்களே சொல்லிப் பதிவான கதைகளும் அவருக்குத் துணை. எனக்கு நம்ம ஊர்க் கொடையில சாமியாடுறவங்கதான் கண்ணுக்குள்ள வாராங்க. அதைப் பிள்ளைகள்கிட்ட சொல்லலாமா, தப்பா?

காரையாறு, சேர்வலாறு மலைப்பக்கம் வாழுற காணிப் பழங்குடி மக்களோட பழகினவங்க இருந்தா சொல்லுங்க: தேனெடுக்க, வேட்டைக்குப் போகுமுன்ன அந்தக்காலப் பெரியவங்க எதை விலக்கினாங்க? கொக்கரைங்கிற இரும்புக் கருவியை உரசிப் பாடுற அவங்க சடங்குப் பாட்டான சாற்றுப்பாட்டுல மிருகம் வருதா? அவங்க சம்மதம் கேட்டுட்டுச் சொன்னாப் போதும். இப்ப யார் வேட்டைக்குப் போறாங்கங்கிற கதை வேண்டவே வேண்டாம், வனத்துறை வம்பு. அடுத்த வாரம் பேச்சு; வாய்ஸ் மெசேஜ் போட்டாலும் சரிதான்.