லைட்டா, நைட்டா? சீனாவில் ஆங்கிலம் கற்பித்த நம்மவர்களின் அனுபவங்கள்

சாங்ஷா, 2017–2019

சீனாவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகலாமா என்று மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். போய் வந்தவர்கள் நாலைந்து பேர் இங்கே இருக்கிறோம். ஆளுக்குக் கொஞ்சம் எழுதிவைத்தால் கேட்பவர்களுக்கு உதவும். நானே தொடங்குகிறேன்.

பிறந்தது யாழ்ப்பாணம், வளர்ந்தது ரொறன்ரோவின் ஸ்காபரோ, கையில் கனடாக் கடவுச்சீட்டு. கடவுச்சீட்டை முதலிலேயே சொல்லக் காரணம், அரசு பார்ப்பது அதைத்தான். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதோடு ஒரு பட்டம், போலீஸ் சான்று, இரண்டு ஆண்டு அனுபவம் அல்லது 120 மணிநேரப் பயிற்சிச் சான்றிதழ். இவ்வளவும் என்னிடம் இருந்தன. ஆனால் ஆள்பிடித்துக் கொடுக்கும் முகவர்கள் பார்ப்பது முகத்தை. விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்பார்கள், அனுப்பியதும் பேச்சு மூச்சில்லாமல் போய்விடும். ஒருவர் மட்டும் பதில் போட்டார்: “இதைவிட வெளிச்சத்தில் எடுத்த படம் இருக்கிறதா?” வெளிச்சத்தில் குறையொன்றும் இல்லை ஐயா, நான்தான் இந்த நிறம் என்று எழுதினேன். அவரும் காணாமல் போனார்.

கடைசியில் ஹூனான் மாகாணத் தலைநகர் சாங்ஷாவில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி எடுத்துக்கொண்டது. மாதம் 9,500 யுவான், வளாகத்துக்குள்ளேயே ஆறாவது மாடியில் வீடு, லிஃப்ட் கிடையாது. போய் இறங்கிய 24 மணிநேரத்துக்குள் போலீஸ் நிலையத்தில் பதிந்தாக வேண்டும். 30 நாளுக்குள் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், விண்ணப்பித்தபின் அனுமதி கைக்கு வரும்வரை கடவுச்சீட்டு அவர்களிடம் இருக்கும். அந்த இரண்டு வாரமும் ஏதோ சட்டை இல்லாமல் நடப்பதுபோல இருந்தது.

வெளிநாட்டு ஆசிரியருக்கு அங்கே ‘வாய்ஜியாவ்’ என்று பெயர். எனக்கு 16 வகுப்புகள், ஒவ்வொன்றிலும் ஐம்பது ஐம்பத்தைந்து பிள்ளைகள், வகுப்புக்கு வாரம் ஒரே ஒரு பாடவேளை. கணக்குப் போட்டால் எண்ணூறுக்கு மேல் வரும். ஒரே பாடத்தை ஒரே நகைச்சுவையோடு 16 தடவை நடத்த வேண்டும். திங்கட்கிழமை எடுபட்ட பகிடி வெள்ளி மாலைக்குள் ஊசிப்போயிருக்கும். பெயர்களை நினைவில் வைக்க வழியே இல்லை. ஆங்கிலப் பெயர் அவர்களே வைத்துக்கொள்வார்கள். ஒரு வகுப்பில் மூன்று ஆப்பிள், ஒரு செவன். ஏன் செவன் என்று கேட்டால், சிக்ஸ் என்ற பெயரை ஏற்கெனவே ஒருத்தி எடுத்துவிட்டாளாம்.

நம்முடைய வகுப்புக்குப் பெரிய மரியாதை இருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான காவ்காவில் மொத்தம் 750 மதிப்பெண், அதில் ஆங்கிலத்துக்கு 150. ஹூனானில் வாய்திறந்து பேசுவதற்கு அதில் இடமில்லை. அதனால் நான் நடத்தும் பேச்சு வகுப்பு பிள்ளைகளுக்கு மூச்சுவிடும் நேரம், கணக்கு வாத்தியாருக்குக் கடன் வாங்கும் நேரம். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. காலை ஏழு மணிக்கு முன்பே வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளைகள் இரவு பத்துவரை படிப்பார்கள். மதியம் சாப்பிட்டதும் அத்தனை பேரும் மேசையில் தலையைக் கவிழ்த்துத் தூங்குவார்கள். நடுவில் ஒலிபெருக்கியில் இசை வரும், எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு புருவத்தையும் கன்னத்தையும் அழுத்தித் தேய்ப்பார்கள். 1960களிலிருந்து நடக்கும் கண் பயிற்சி அது. முதல் நாள் இது தெரியாமல் நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தேன். ஐம்பது பேரும் கண்ணை மூடிக்கொண்டதும் என் பாடம் அவ்வளவு மோசமா என்று ஒரு கணம் வயிறு கலங்கிவிட்டது.

இனி லைட், நைட் விஷயம். ஹூனான்காரர்களில் பலருக்கு ல, ன இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று. ஹ, ஃப இரண்டும் அப்படித்தான். சொந்த மாகாணத்தையே ‘ஃபூலான்’ என்பார்கள், கேலி செய்தால் தாங்களும் சேர்ந்து சிரிப்பார்கள். ஆங்கிலத்துக்கு வந்தால் லைட் நைட்டாகும், நைன் லைனாகும். ‘டர்ன் ஆஃப் த நைட்’ என்று ஒரு பையன் சொன்னபோது, அது பிழையாக இருந்தாலும் நன்றாகத்தான் இருந்தது.

சரி, அவர்கள் வெட்கப்படாமல் இருக்கட்டும் என்று கரும்பலகையில் ந, ன, ண, பக்கத்திலேயே ல, ள, ழ எழுதினேன். என் தாய்மொழியில் நீங்கள் கலக்கும் இந்த இரண்டு ஒலிகளுக்கு ஆறு எழுத்து இருக்கிறது பாருங்கள் என்றேன். வகுப்பே ‘ஆ’ என்றது. முன்வரிசைப் பெண் ஒருத்தி கை தூக்கி, கடைசி இரண்டையும் சொல்லிக்காட்டச் சொன்னாள். சொன்னேன். “சார், இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதே” என்றாள். யாழ்ப்பாணத்து வாய்க்கு வாழையும் வாளையும் ஒன்றுதான் என்பதை ஐம்பது சீனப் பிள்ளைகள் முன்னால் கண்டுபிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு லைட், நைட்டுக்கு ஒருவரும் வெட்கப்படவில்லை. இரவில் வீசாட் செயலியில் ‘குட் லைட், டீச்சர்’ என்று வேண்டுமென்றே அனுப்புவார்கள்.

ஜனவரிக் குளிரைப் பற்றியும் சொல்லவேண்டும். ஸ்காபரோவில் வளர்ந்தவனுக்கு நாலு டிகிரி என்ன செய்யும் என்று நினைத்தேன். சின்லிங் மலைக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் வடக்கே மட்டும்தான் ஊர் முழுக்கக் குழாய் வழியே வெப்பம் தருவார்கள், 1950களில் போட்ட கோடு. சாங்ஷா அதற்குத் தெற்கே. வகுப்பில் ஹீட்டர் இல்லை, காற்று வரட்டும் என்று சன்னல்களும் திறந்திருக்கும். மேல்கோட்டோடு நின்றுதான் பாடம் நடத்தினேன். இருமினால் போதும், ஆசிரியர் அறையில் ஐந்து பேர் ‘நிறையச் சூடுதண்ணீர் குடி’ என்பார்கள். காய்ச்சலுக்கும் அது, மனக்கவலைக்கும் அதுதான்.

ஹார்பின், 2015–2016

அண்ணா, குளிர் என்றதும் சிரிப்பு வந்துவிட்டது. நான் லண்டனிலிருந்து வடகிழக்குச் சீனாவின் ஹார்பினுக்குப் போனவள், ஒரு பல்கலைக்கழகத்துக்கு. வெளியே மைனஸ் 25, ஆனால் நாங்கள் நீங்கள் சொன்ன அந்த வெப்பக் கோட்டுக்கு வடக்கே ஆயிற்றே! அக்டோபரிலிருந்து ஏப்ரல்வரை வீட்டுக்குள் அரைக்கைச் சட்டையோடு இருக்கலாம். தெருவில் ஐஸ் குச்சியை அட்டைப்பெட்டியில் அப்படியே வைத்து விற்பார்கள், குளிர்பெட்டிக்கு அங்கே என்ன வேலை? கல்லாக உறைந்த கறுப்புப் பேரிக்காயைத் தண்ணீரில் ஊறவிட்டு, இளகியதும் சாற்றை உறிஞ்சுவார்கள். முதல் தடவை முகம் சுளித்தேன். மூன்றாம் தடவை நானே ஒரு கிலோ வாங்கினேன்.

உங்கள் ழகர விஷயத்துக்கு ஒரு வடக்கத்திக் கொசுறு. ‘தமிழ்’ என்று பலகையில் எழுதி ஒரு தடவை சொன்னேன். மாணவர்கள் திருப்பிச் சொன்னபோது எனக்குக் கை நின்றுவிட்டது. சுத்தமான ழ! வடக்குச் சீனத்தில் சொல்லுக்குச் சொல் கடைசியில் நாக்கை மடித்து ஒரு ஒலி சேர்ப்பார்கள். இரண்டு என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல்லே நம் காதில் ‘அழ்’ என்றுதான் விழும். தெற்கே நாக்கு அவ்வளவாக மடியாது என்பார்கள், அதனால் உங்கள் பிள்ளைகளுக்கு வந்திருக்காது. எனக்கு அந்தக் கணத்தில் பெருமையா பொறாமையா என்றே தெரியவில்லை. கைபேசியில் பதிந்து வைத்தேன்.

என்னைச் சோதித்தது குளிரல்ல, விடுமுறை. அக்டோபர் முதல் வாரம் ஏழு நாள் விடுப்பு என்று துள்ளிக் குதித்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்த ஏழில் சிலவற்றை முன்பின் வரும் சனி, ஞாயிறுகளில் வேலை செய்து கழிக்க வேண்டும் என்று. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து புதன்கிழமைப் பாடத்தை நடத்து என்பார்கள். அதையும் முந்தின நாள் இரவு வீசாட் குழுவில்தான் சொல்வார்கள். உடனே நாற்பது ஆசிரியர்களும் வரிசையாக ‘ஷோதாவ்’, அதாவது ‘கிடைத்தது’ என்று போடுவார்கள். ஒரு எதிர்ப்பு இல்லை, ஒரு கேள்வி இல்லை. முதல் மாதம் நான் ‘ஏன்?’ என்று கேட்டேன். குழு முழுக்க மௌனம். ஒரு வயதான பேராசிரியை மட்டும் தனியாகச் செய்தி அனுப்பினார்: “மகளே, ஷோதாவ் என்று போட்டுவிடு.” போட்டேன்.

ஊரை இழந்த தனிமை பெரிதாகத் தெரியவில்லை என்றுதான் சொல்வேன். கடைக்காரம்மா பார்த்ததும் ‘சாப்பிட்டாச்சா?’ என்பார், அடுத்து சம்பளம் எவ்வளவு, கல்யாணம் எப்போது. எங்கள் ஈஸ்ட்ஹாம் சித்திமாரை விட்டு எட்டாயிரம் கிலோமீட்டர் ஓடிவந்தும் தப்பவில்லை. வயதான டாக்சிக்காரர் ராஜ் கபூர் படப் பாட்டை முணுமுணுப்பார், இளையவர் என்றால் ஆமிர் கானைப் பற்றிக் கேட்பார். நான் இங்கிலாந்து என்று சொன்னால் இருவருக்குமே ஏமாற்றம். கடைசி மாதங்களில் இந்தியா என்றே சொல்லிவிட்டேன். அம்மாவுக்குத் தெரிந்தால் கோபப்படுவார்.

ஹாங்சோ, 2019–2021

சுருக்கமாக. மெல்பர்னிலிருந்து போனேன், பள்ளிக்கூடமல்ல, தனியார் பயிற்சி மையம். வேலை நேரமே சனி, ஞாயிறும் மாலைகளும்தான். 2021 ஜூலை 24 அன்று அரசு அறிவிப்பு வந்தது: பள்ளிப் பாடங்களுக்கு வார இறுதியிலும் விடுமுறையிலும் டியூஷன் நடத்தக்கூடாது, லாபத்துக்காக நடத்தவும் கூடாது. ஆங்கிலமும் அந்தப் பாடங்களில் ஒன்று. பிள்ளைகளின் சுமையைக் குறைக்கவும் பெற்றோர் செலவைக் குறைக்கவும் என்றார்கள். அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இரவு எட்டரைக்கு ஆறு வயதுப் பிள்ளைக்குப் பழங்களின் பெயர் சொல்லிக்கொடுத்தவன் நான், அந்தப் பிள்ளை கொட்டாவி விட்ட அழகு எனக்குத்தான் தெரியும்.

ஆனால் ஒரு காலை போய்ப் பார்த்தால் மையத்தின் கண்ணாடிக் கதவில் சங்கிலி. இரண்டு மாதச் சம்பளம் நின்றது. அதைவிடப் பெரிய தலைவலி, வேலையை விட்டதற்கான சான்றிதழ். பழைய முதலாளி அந்தத் தாளைத் தந்து, அனுமதியை ரத்து செய்து கொடுத்தால்தான் இன்னொரு இடத்துக்கு மாறமுடியும். முதலாளியோ தொலைபேசியை எடுக்கவில்லை. கொரோனாக் காலம் வேறு, வெளியே போனால் திரும்ப வரமுடியாது. போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஒப்பந்தத்தில் சம்பளத்தைப் பார்க்குமுன் அந்தச் சான்றிதழைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

குவாங்சோ, வேலை பார்க்காதவள் எழுதுவது

நான் திருச்சி. கணவர் வேலைக்காகப் போனோம், எனக்குக் குடும்ப விசா. எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே ஒரு மழலையர் பள்ளி. லிஃப்டில் நான் பையனோடு ஆங்கிலம் பேசுவதைக் கேட்டுவிட்டு, மணிக்கு 150 யுவான் கையில் தருகிறோம், வாருங்கள் என்றார்கள். நிறத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை, தொப்பி மட்டும் போட்டுக்கொண்டு ஆப்பிரிக்கா என்று சொல்லச் சொன்னார்கள்! ஏன் தொப்பி, ஏன் ஆப்பிரிக்கா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வேலை அனுமதி இல்லாமல் பிடிபட்டால் 5,000 முதல் 20,000 யுவான்வரை அபராதம், விஷயம் பெரிதானால் 5 முதல் 15 நாள் காவல், அதற்குமேல் நாட்டைவிட்டு அனுப்பினாலும் அனுப்புவார்கள். பள்ளிக்கூடத்துக்கும் அபராதம் உண்டு என்றாலும் பெட்டி கட்டப்போவது நாம்தான். இந்தியக் கடவுச்சீட்டோடு ஆங்கில ஆசிரியர் அனுமதி வாங்குவது மிகவும் கடினம். ‘முதலில் சுற்றுலா விசாவில் வாருங்கள், பிறகு மாற்றித்தருகிறோம்’ என்று யாராவது சொன்னால் அங்கேயே கும்பிடு போட்டுவிடுங்கள் தம்பிகளா, தங்கைகளா.

வகுப்புக்குப் போகாததால் ஜூன் 7 காலையில் தெருவைப் பார்க்க எனக்கு நேரம் இருந்தது. காவ்காவ் தொடங்கும் நாள். பக்கத்துக் கட்டடவேலை நின்றுவிட்டது. பள்ளி வாசலில் அம்மாக்கள் சிவப்புச் சீபாவ் உடையில், அந்த வெயிலில், நிற்கிறார்கள். ‘கொடி விரிந்ததும் வெற்றி’ என்று அவர்களிடம் ஒரு சொலவடை, அதில் கொடிக்கான எழுத்துதான் சீபாவுக்கும் முதல் எழுத்து. நம் ஊரில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் பிள்ளையார் கோயிலில் பேனாவை வைத்து எடுத்துவருவோமே, அதே முகங்கள்.

சாங்ஷா அண்ணனுக்கு ஒரு கேள்வி: சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்? இங்கே சைவம் என்று சொன்னால் தலையாட்டிவிட்டு, கத்தரிக்காய்க் குழம்பில் கொத்துக்கறி போட்டுக் கொடுக்கிறார்கள். கேட்டால் ‘கொஞ்சம்தானே’ என்கிறார்கள்.

மறுபடியும் சாங்ஷா

அக்கா, ஹூனானில் உறைப்புக்குப் பஞ்சமே இல்லை. காலையில் அரிசி நூடுல்ஸ் சூப்பிலேயே ஊறுகாய் மிளகாய் மிதக்கும், நான் உப்புக்கூடத் தேடவில்லை. பச்சைப்பயறு எந்தக் கடையிலும் கிடைக்கும், தோல் நீக்கியதைத் தாவ்பாவ் என்ற இணையக் கடையில் வாங்கினேன். கறிவேப்பிலை மட்டும்தான் திண்டாட்டம். அம்மா காயவைத்து அனுப்பியதை இரண்டு வருடம் இலை இலையாக எண்ணிப் போட்டேன். புளி நினைத்தபோது கிடைக்கவில்லை, அங்கத்தைய கறுப்பு வினிகரில் ஒரு ரசம் வைத்தேன். அதைப் பற்றி இங்கே எழுதவேண்டாம்.

தங்கச்சி, அந்த ஹார்பின் ஒலிப்பதிவு இன்னும் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். மகள் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸ்காபரோவில் தமிழ் வகுப்புக்குப் போகிறாள். போய் வந்து ‘தமிள்’ என்கிறாள். திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன், எனக்கும் அதேதான் வந்தது.