வாடி வந்த மீன்தொட்டிச் செடிகள்: தேறியவையும் தேறாதவையும்

மீன்தொட்டிக்கென்று கூரியரில் வந்த செடி கூழாகிக் கிடக்கிறது, தூக்கிப் போட்டுவிடலாமா என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். என்ன செடி என்று அவர் சொல்லவில்லை. பருத்த படுக்கைத் தண்டுள்ள அனுபியாஸ் என்றால் பொறுங்கள். ரோட்டாலா போன்ற தண்டுச் செடி என்றால் நுனியை மட்டும் கிள்ளி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் குப்பைக்கு அனுப்புங்கள். கிரிப்ட் (முழுப் பெயர் கிரிப்டோகோரைன்) என்றால் இலை முழுவதும் போனாலும் பதற வேண்டாம்.

சென்னை கொளத்தூரின் அலங்கார மீன் கடைகளில் சாத்துகிற நேரத்துக்குப் போய், யாரும் தொடாமல் விட்ட செடிகளைப் பேரம் பேசி அள்ளிக்கொண்டு வருவது என் பழக்கம். “இதற்கும் காசு கொடுத்தாயா?” என்று அம்மா கேட்பது மாறவே இல்லை. ஆனால் நல்ல செடியை வாங்கி வளர்ப்பதைவிட, இப்படி நொந்துபோனதைத் தேற்றும்போதுதான் செடி எப்படி உயிர் வாழ்கிறது என்பது பிடிபடுகிறது. என் கட்சி இதுதான்: இலையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. இலை போகக்கூடியது. குருத்தும் கிழங்கும் இருக்கின்றனவா என்பதே கேள்வி.

அனுபியாஸில் இதைக் கையால் தொட்டே அறியலாம். படுக்கை வாட்டில் ஓடும் அந்தப் பருத்த தண்டைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. அமுங்கி, பழுப்பு நீர் கசிந்து, மூக்கைச் சுளிக்க வைக்கும் நாற்றம் வந்தால் அந்தப் பகுதி அழுகிவிட்டது. புது பிளேடால் அழுகிய முனையிலிருந்து மெல்லிய வில்லைகளாகச் சீவிக்கொண்டே வாருங்கள். வெட்டுமுகம் கறையே இல்லாமல் வெளிர்பச்சையாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். விரல்நுனி அளவுத் துண்டு மிஞ்சினாலும் போதும், அதில் ஒரு கணு இருந்தால் துளிர்க்கும். பெரும்பாலான அழுகலுக்குக் காரணம், அந்தத் தண்டை யாரோ மணலுக்குள் புதைத்து வைத்ததுதான். வேர்தான் மணலில் இறங்கலாம், தண்டு வெளியே இருக்க வேண்டும்.

கடையில் பளபளப்பாக இருந்த செடி தொட்டிக்கு வந்ததும் ஏன் இலை உதிர்க்கிறது என்பது பலருக்கும் புரியாத புதிர். பண்ணைகளில் இவற்றில் பலவற்றைத் தண்ணீருக்கு வெளியே, ஈரக் காற்றில் வளர்க்கிறார்கள். அங்கே வளர்ச்சி வேகம், பாசித் தொல்லையும் இல்லை. கரியமில வாயு தண்ணீருக்குள் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. காற்றுக்கென்று மெழுகுப் பூச்சோடும் இலைத்துளைகளோடும் உருவான இலை நீருக்குள் அவ்வளவாகப் பயன்படாது. செடி அதைக் கைவிட்டு, மெல்லிய புது இலையை விடுகிறது. இந்த இடைவெளியில்தான் ‘செத்துவிட்டது’ என்று நாம் முடிவு கட்டுகிறோம்.

கிரிப்டோகோரைன் இந்த நாடகத்தில் மன்னன். இடம் மாற்றினால், நீர் மாறினால், சில சமயம் விளக்கு மாறினால்கூட எல்லா இலைகளும் வேகவைத்த கீரைபோலக் குழைந்துவிடும். தெரிந்தவர் ஒருவர் வென்ட்டை வகைக் கிரிப்ட் ஒன்றை இப்படிக் குழைந்ததும் பிடுங்கி, பால்கனியில் ஈரமண் இருந்த பூந்தொட்டியில் எறிந்துவிட்டார். மழைக்காலத்தில் அதிலிருந்து சுருண்ட பழுப்பு இலைகள் எழும்பின. வென்ட்டை இலங்கையின் ஓடைகளைச் சேர்ந்தது. நீர் ஏறும்போது மூழ்கியும் வடியும்போது வெளியிலும் வாழ்ந்து பழகிய இனம். அதன் உறவான ஸ்பைராலிஸ் நம் பக்கத்துச் செடி; அதன் கிழங்கைத்தான் சித்த மருத்துவத்தில் நாட்டு அதிவிடயம் என்று எடுக்கிறார்கள். ஆகவே கிரிப்ட் குழைந்தால் கூழை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டு, வேரைத் தொடாமல் விடுங்கள். ‘உயிர் இருக்கிறதா பார்க்கலாம்’ என்று அடிக்கடி பிடுங்கிப் பார்ப்பவர்கள் கையில்தான் கிரிப்ட் நிஜமாகவே சாகிறது.

தண்டுச் செடிகளுக்கு இத்தனை கவனம் தேவையில்லை. ரோட்டாலா, ஹைக்ரோஃபிலா, பக்கோப்பா (நம் வயல் ஓரத்து நீர்ப்பிரமிதான்) எதுவானாலும் நல்ல நுனியைக் கிள்ளி மிதக்க விடுங்கள். மேலே வெளிச்சமும் காற்றும் அருகில் கிடைப்பதால் கணுக்களில் வெள்ளை வேர் விடும். அப்புறம் நட்டுக்கொள்ளலாம்.

ஜாவா ஃபெர்ன் என்னும் பெரணியில் நடக்கும் அநியாயம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இலையின் அடிப்பக்கம் பழுப்புப் புள்ளிகள் வரிசையாக வந்தால் நோய் என்று நினைத்து வெட்டிவிடுகிறார்கள். அவை வித்துப் பைகள், எல்லாப் பெரணிகளுக்கும் இருப்பவை. கறுத்து நைந்துகொண்டிருக்கும் இலையின் ஓரத்திலும் மயிரிழை வேர்களோடு குட்டிச் செடிகள் முளைத்திருக்கும். அவை விரல்நீளம் வரும்வரை தாயிலை அசிங்கமாக இருந்தாலும் இருக்கட்டும். பழைய இலைகளில் ஊசித்துளை விழுந்து ஓரம் மஞ்சளானால் பொட்டாசியம் போதவில்லையா என்று பாருங்கள். புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்துக் குறைவு.

இனி, தொட்டியில் விடும் முன் குளிப்பாட்டும் விஷயம். வேரைச் சுற்றியிருக்கும் பஞ்சுபோன்ற ராக் வூலை முழுக்க எடுங்கள், இதில் சோம்பல் கூடாது. கறுப்புப் பாசி ஒட்டிய அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்ற முரட்டுச் செடிகளுக்கு வாசனை சேர்க்காத வீட்டு பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் 19 பங்கு கலந்து, இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாமல் முக்கலாம். எடுத்ததும் நன்றாக அலசி, குளோரினை நீக்கும் ஹைப்போ உப்பு கரைத்த நீரில் போட வேண்டும். நாடா போன்ற இலையுள்ள வாலிஸ்நேரியாவையும் மாஸ் (moss) வகைகளையும் பிளீச் பக்கமே கொண்டுபோகாதீர்கள், கரைந்துவிடும். ஏற்கெனவே நொந்த செடிக்கும் இது வேண்டாம். முதலில் தேறட்டும், பிறகு பாசியைக் கவனிக்கலாம். நத்தைத் தொல்லைக்குப் படிகாரம் நல்லது. லிட்டருக்கு ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகக் கரைத்துச் சில மணி நேரம் ஊறவைத்தால் நத்தைகள் ஒழியும். முட்டைகள் தப்பலாம் என்பதால் இலையின் அடிப்பக்கத்து வழவழப்பை விரலால் வழித்துவிடுங்கள். இறால் வளர்ப்பவர்கள் பண்ணையில் அடித்த பூச்சிமருந்து பயத்துக்காகவே செடியை ஒரு வாரமாவது தனி நீரில் வைத்து, அந்த நீரை மாற்றிக்கொண்டே இருப்பது நலம்.

தேற்றும் தொட்டிக்குச் செலவு செய்யாதீர்கள். மூடியுள்ள கண்ணாடி நிற பிளாஸ்டிக் டப்பாவே போதும். அனுபியாஸ் மாதிரியானவற்றை, அடியில் நனைந்த தேங்காய் நார் போட்டு மூடிவைத்தால் ஈரக் காற்றில் விறுவிறுவென்று தேறும். ஆனால் அங்கே விட்ட இலை மறுபடி நீருக்குள் போகும்போது உதிரலாம். அதனால் கிரிப்டை நான் இப்படிச் செய்வதில்லை, தண்ணீரிலேயே விட்டுவிடுகிறேன். மொட்டைமாடி வெயில் வேண்டவே வேண்டாம். சென்னைக் கோடையில் சின்ன டப்பாத் தண்ணீர் கொதித்துவிடும். சூடான நீரில் ஆக்சிஜன் குறையும், அழுகலும் வேகமாகப் பரவும். ஜன்னல் ஓரத்து மங்கல் வெளிச்சமும் காற்றுக் குமிழி விடும் ஒரு ஏர் ஸ்டோனும் போதும். இலையும் வேரும் இல்லாத செடிக்கு உரம் ஊற்றினால் பாசிதான் சாப்பிடும். புதுக் குருத்து தெரிந்த பிறகு பாதி அளவில் தொடங்கலாம்.

அப்போனோஜெட்டன் கிழங்கு வாங்கியவர்கள் வேறு கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். நம் குளங்களில் இருக்கும் கொட்டிக் கிழங்கின் இனம் அது. குளம் வற்றினால் சேற்றுக்குள் உறங்கி, மழைக்குப் பின் எழுவது அதன் குணம். தொட்டியிலும் நன்றாகத் தழைத்துப் பூத்த பிறகு திடீரென இலைகளை விட்டுவிடும். கிழங்கு கெட்டியாக, நாற்றமில்லாமல் இருந்தால் பாதி மட்டும் மணலில் புதைந்திருக்கும்படி வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். வெண்ணிறப் பஞ்சு படர்ந்து நொளநொளத்தால் மட்டும் எடுத்து எறியலாம்.

தொட்டிக்கு எப்போது மாற்றுவது என்றால், புது இலை ஒன்று முழுதாக விரிந்து, அதற்கு அடுத்ததும் தலைகாட்டியிருக்க வேண்டும். ஒரே ஒரு துளிரை நம்பி நான் மாற்றுவதில்லை, மிச்சச் சத்தை வைத்து ஒன்றை விட்டுவிட்டுச் சாகும் செடிகளும் உண்டு. எனக்கு இன்றுவரை பிடிகொடுக்காதது வாலிஸ்நேரியா. ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீரில் செழிக்கும் செடி என்பதில் சந்தேகமில்லை, ஆனால் கோடைப் பயணத்தில் அடிபட்டு வந்தால் குருத்தோடு குழைந்துவிடுகிறது. அதைத் தேற்றியவர்கள் யாராவது இருந்தால் எப்படி என்று எழுதுங்கள்.