பையன் வேலை போயிடுமேன்னு அம்மா கையெழுத்துப் போடப் பார்த்தாங்க

சேன்-தெனியிலிருந்து:

பாண்டிச்சேரியிலிருந்து பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவுக்கு வந்து எங்களுக்கு ஒம்பது வருஷம். போன தை வெள்ளிக்கிழமை, காளிகாம்பாள் கோயிலுக்குப் பூ எடுத்துக்கிட்டுப் போன அம்மாவை ஒரு ரொட்டிக்கடை டெலிவரி வேன் ரிவர்ஸ்ல வந்து இடிச்சுடுச்சு. வலது மணிக்கட்டு ரெண்டு இடத்துல முறிஞ்சது. வயசு 72. நான் ஓடிப் போனப்போ ரோடெல்லாம் சாமந்தி. வேன் ஓட்டின பையன் முட்டி போட்டு ஒவ்வொண்ணா பொறுக்கிக் கூடையில போடுறான், கை நடுங்குது. அதுதான் அம்மா மனசுல நின்னுடுச்சு. "கேஸ் கீஸ் வேணாம்டா, அந்தப் பிள்ளை வயித்துல அடிக்காதே"ன்னு ஒரே பிடிவாதம்.

ரெண்டாம் மாசம் வேனோட இன்சூரன்ஸிலிருந்து கடிதம்: 1,200 யூரோ, கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. கடை முதலாளியோ, "உங்கம்மா வெள்ளைக்கோடு இல்லாத இடத்துல நடந்தாங்க"ன்னார். அம்மா இடது கையில பேனாவை எடுத்துட்டாங்க.

நல்லவேளை, பக்கத்து வீட்டு அண்ணன் தடுத்தார். இங்க 1985 ஜூலை 5-ஆம் தேதி வந்த பதேந்தேர் சட்டம் இருக்கு. நடந்து போறவங்களுக்கு அடிபட்டா வண்டியோட இன்சூரன்ஸ்தான் கொடுக்கணும். 70 தாண்டினவங்க, 16 வயசுக்குள்ள உள்ளவங்க வேணும்னே விழுந்தாலொழிய, அவங்க தப்பைக் காட்டிப் பணத்தைக் குறைக்க முடியாது. வெள்ளைக்கோடு பேச்சே எடுபடாது. இந்தப் பணத்துக்காகப் பையன் பாக்கெட்டிலிருந்தும் ஒரு சல்லி போகாது. அதைப் பக்கத்துல உட்கார்ந்து சொன்னதும்தான் அம்மா பேனாவைக் கீழே வெச்சாங்க.

அடிபட்டு எட்டு மாசத்துக்குள்ள இன்சூரன்ஸ்காரங்க தொகை சொல்லியாகணும். ஆனா கடைசிக் கணக்கு, டாக்டர் 'கொன்சொலிதாசியோன்' எழுதின பிறகுதான், அதாவது காயம் இனி கூடவும் போறதில்ல, குறையவும் போறதில்லன்னு ஆன பிறகு. இன்சூரன்ஸ் டாக்டர் அம்மாவைப் பார்க்கிற அன்னிக்கு நாங்களும் எங்க சார்பா ஒரு டாக்டரைக் கூட்டிப் போனோம், அந்த உரிமை உண்டு. அவர்தான் கேட்டார்: "தலை பின்னிவிட்டது யார்?" நாலு மாசம் தினமும் காலையில என் மனைவிதான் பின்னிவிட்டா, குளிப்பாட்டினா. வீட்டு ஆளே செஞ்சாலும் அந்த மணிக்கணக்குக்கும் பணம் உண்டு. முதல் கடிதத்துல அதைப் பத்தி ஒரு வரி இல்ல. எனக்கு இன்னும் ஆறாத கோபம் அதுதான்.

சேன்-பியேரிலிருந்து:

அண்ணா, நானும் அந்தப் பையன் மாதிரிதான். டெலிவரி வண்டி ஓட்டுறேன். பார்க்கிங்ல ஒரு பெரியவரைத் தட்டிட்டேன். முதலாளி "சம்பளத்துல பிடிச்சுக்குவேன்"னு மிரட்டினார். மூணு ராத்திரி தூக்கமில்ல. பிறகு யூனியன்ல சொன்னாங்க, வேலை நேரத்துல வேலைக்காரன் செஞ்ச சேதத்துக்கு முதலாளி பொறுப்புன்னு சிவில் சட்டம் 1242-ஆம் பிரிவு சொல்லுதாம். 2016 வரைக்கும் அதுக்கு நம்பர் 1384. போலீஸ் அபராதமும் லைசென்ஸ் பாயிண்டும் மட்டும் நம்ம தலையில. அந்தப் பெரியவரை வீட்டுல போய்ப் பார்த்தேன், டீ கொடுத்தார்.

சேன்-தாந்த்ரேயிலிருந்து:

எங்க மாமாவை இடிச்சவன் நிக்காமப் போயிட்டான். அப்படின்னா எஃப்.ஜி.ஏ.ஓ-ன்னு ஒரு உத்தரவாத நிதி இருக்கு, அதுலேர்ந்து பணம் கிடைக்கும், மூணு வருஷத்துக்குள்ள கேட்கணும். உடனே போலீஸ்ல எழுதி வைங்க. அவசரத்துல கையெழுத்துப் போட்டுட்டா என்ன பண்றது அண்ணா?

சேன்-தெனியிலிருந்து:

15 நாளுக்குள்ள ரெஜிஸ்டர் தபால்ல ரத்து பண்ணலாம்ப்பா. அம்மா இப்போ அவங்களே தலை பின்னிக்கிறாங்க, கொஞ்சம் கோணலா.