லண்டன் வங்கியில் கட்டணத்தைப் பற்றி முறைப்பாடு செய்தால் கணக்கை மூடிவிடுவார்களா?

தம்பி, ஓவர்டிராஃப்டில் (கணக்கில் இருக்கிறதுக்கு மேல வங்கி எடுக்க விடுகிற கடன்) 900 பவுண்ட் கடன், அதுக்கு மேல வங்கி பிடிச்ச வட்டியும் கட்டணமும், வாய் திறந்தால் கணக்கையே மூடிப்போடுவாங்களோ என்று கேட்டிருந்தீங்கள். ஒன்பது வருசம் லண்டனில் இருந்துவிட்டு இப்ப வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். இதே பயத்தோட நானும் இருந்திருக்கிறேன்.

காலி வீதிக் கிளைக்கு நேரே போய், மனேஜரோட இரண்டு வார்த்தை கதைச்சு அலுவலை முடிச்சுப் பழகின ஆட்கள் நாங்கள். எழுத்தில் முறைப்பாடு என்றால் எங்களுக்குச் சண்டைக்குப் போகிற மாதிரி. அங்கே அது அன்றாட அலுவல். வங்கி 8 வாரத்துக்குள் இறுதிப் பதில் தரவேணும். பதில் திருப்தியில்லை என்றால், அது வந்த நாளில் இருந்து 6 மாதத்துக்குள் நிதி ஒம்புட்ஸ்மனிடம் (வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான பிணக்கைத் தீர்க்கிற சுயாதீன அமைப்பு) போகலாம்; ஒரு சதமும் செலவில்லை.

மூடவே மாட்டாங்கள் என்று நான் சொல்லமாட்டேன். மூடலாம். ஆனால் சாதாரணமாக 2 மாத அறிவித்தல் தரவேணும். 2026 ஏப்ரல் 28 முதல் திறக்கிற கணக்குக்கு 90 நாள். முறைப்பாடு செய்ததுக்காகத்தான் மூடுறாங்கள் என்று பட்டால் அதையும் ஒம்புட்ஸ்மனிடம் கொண்டுபோகலாம்.

என்னுடைய கணக்கை மூடினது 2007இல். கணக்கில் காசில்லாமல் 12 பவுண்ட் ஃபோன் பில் திரும்பிப் போக, 35 பவுண்ட் பிடிச்சாங்கள். அடுத்த மாதம் அந்த 35 குறைஞ்சதால வாடகை திரும்பியது, அதுக்கும் இன்னொரு 35. வந்த கடிதங்களைப் பிரிக்கப் பயந்து சப்பாத்துப் பெட்டிக்குள் போட்டு வைத்தேன். அது வரைக்கும் ஒரு வரி முறைப்பாடு நான் எழுதியிருக்கவில்லை. பேசாமல் இருந்தும் மூடினாங்கள், தம்பி.

அதனால் முதலில் சம்பளத்தைப் பாதுகாருங்கோ. மைனஸில் கிடக்கிற கணக்கில் விழுகிற சம்பளத்தை அந்த மைனஸ்தான் முதலில் விழுங்கும். அதே வங்கியின் கிரெடிட் கார்ட் பாக்கிக்கும் அதில் கை வைக்கலாம். கடன் இல்லாத வேறொரு வங்கியில் 'பேசிக் அக்கவுண்ட்' திறவுங்கோ. ஓவர்டிராஃப்ட் கிடையாது, மாதக் கட்டணம் கிடையாது, பில் திரும்பினாலும் தண்டம் கிடையாது. பெயர் வேறாக இருந்தாலும் ஒரே குழுமமாக இருக்கும், பாருங்கோ. லொயிட்ஸும் ஹாலிஃபக்ஸும் அப்படித்தான். புதுக் கணக்கு இலக்கத்தை வேலையிடத்தில் கொடுத்து, முதல் சம்பளம் அங்கே விழுந்த பிறகு முறைப்பாட்டுக் கடிதத்தை அனுப்புங்கோ.

இன்டர்நெட்டில் கிடக்கிற பழைய மாதிரிக் கடிதங்களைத் தொடாதேங்கோ. கட்டணம் நியாயமில்லை என்ற அந்த வாதத்தில் 2009 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் வங்கிகள்தான் வென்றன. 2020 ஏப்ரலோடு ஓவர்டிராஃப்டுக்கான நாள் கட்டணம், மாதக் கட்டணம் எல்லாம் தடை, வட்டி மட்டும்தான். இப்ப உங்களுக்குக் கைகொடுக்கிறது உங்கட கஷ்டம். வருமானம் இவ்வளவு, வாடகை, சாப்பாடு, பஸ் இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று எழுதி, பிடிச்சதைத் திருப்பித் தரவும் வட்டியை நிறுத்தவும் கேளுங்கோ. கஷ்டத்தில் இருக்கிற வாடிக்கையாளரின் நிலைமையைப் பார்த்து நடக்க அவங்கள் கடமைப்பட்டவங்கள். கணக்கு மூடினாலும் 900 அப்படியே நிற்கும், அதனால் மாதம் 10 பவுண்டாவது கட்டுவேன் என்றும் சேருங்கோ. தொகையை முடிவு செய்ய, கடன்பட்ட ஆட்களுக்கு ஆலோசனை சொல்கிற ஸ்டெப்சேஞ்ச் என்ற தொண்டு நிறுவனம் இலவசமாக உதவும்.

இன்றைக்கு ஸ்டேட்மென்டை எடுத்து, பிடிச்ச ஒவ்வொரு தொகையையும் திகதியோட ஒரு தாளில் எழுதுங்கோ. கணக்கு இலக்கத்தை மறைச்சு இங்கே போடுங்கோ, கடிதத்தை நான் சேர்ந்து எழுதித் தாறன்.