ஃப்ளாட்சமா, ஜெட்சமா? யார் எறிந்தது?

இரணியல்வாசி: நேற்று இங்கே ஒருவர் திருவாய் மலர்ந்திருக்கிறார்: "ஃப்ளாட்சம், ஜெட்சம் எல்லாம் ஒன்றுதான், நம்ம தட்டுமுட்டு மாதிரி." கப்பல் உடைந்து சரக்கு தானாக மிதந்தால் இங்கிலீஷில் ஃப்ளாட்சம். பாரம் குறைக்க ஆட்களே கடலில் எறிந்தால் ஜெட்சம். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எல்சா 3 கப்பல் மூழ்கி நம் கரைக்கு வந்ததெல்லாம் ஃப்ளாட்சம்.

கடியபட்டணத்தான்: அந்த ஒருவர் நான்தான். பெயர் சொல்லியே திட்டும். கரையில் ஒதுங்கினால் ஜெட்சம்.

இரணியல்வாசி: யார் எறிந்தது? கப்பல் சாய்ந்தது, கண்டெய்னர் சரிந்தது. 24 பேரும் உயிர் தப்பியதே பெரிய காரியம். ஜெட்டிசன் என்றால் கப்பலிலிருந்து எறிவது, அது தேய்ந்துதான் ஜெட்சம். யார் எறிந்தது?

மார்த்தாண்டம் மாஸ்டர்: பிரிட்டனின் 1995 கப்பல் சட்டத்தில் இன்னும் இரண்டு உண்டு. மிதவை கட்டி மூழ்கவிட்டால் லகன், அப்புறம் கடலில் கைவிட்டுப் போனால் டெரிலிக்ட்...

கடியபட்டணத்தான்: லகான் குதிரைக்குப் போடுவது மாஸ்டர்.

இரணியல்வாசி: பேச்சை மாற்றாதீர். யார் எறிந்தது?

வடசேரி பையன்: கரையில் கிடந்த வெள்ளை பிளாஸ்டிக் மணிக்கு நர்டில் என்று போட்டிருந்தார்களே, அது தப்பு. கிரிக்கெட்டில் மெல்லத் தட்டிவிட்டு ஒரு ரன் ஓடுவதுதான் நர்டில்.

மார்த்தாண்டம் மாஸ்டர்: இரண்டும் சரி தம்பி. பிரஷில் வைக்கும் பேஸ்ட் சுருளும் நர்டில்தான். 2010இல் அமெரிக்காவில் இரண்டு பேஸ்ட் கம்பெனிகள் அதற்காகக் கோர்ட் ஏறின.

வடசேரி பையன்: பேஸ்ட்டுக்கா? சும்மா அடித்துவிடாதீர்கள் சார்.

கடியபட்டணத்தான்: அந்த மணியை மணலில் குனிந்து பொறுக்கினவன் நான். கட்டுமரத்தையே கட்டமரான் என்று கடன் வாங்கினவன் வெள்ளைக்காரன். கடல் சொல்லுக்கு அவன் எங்களைக் கேட்கட்டும்.

இரணியல்வாசி: அவன் கட்டமரான் இரட்டை உடல் படகு. உம்முடையது கயிறு கட்டின மரத்தடி.

கடியபட்டணத்தான்: மரத்தடியா? ஓய், 'நெத்தோலி' தப்பு, 'நெத்திலி'தான் சரி என்று போன ஓணத்துக்கு ஒரு வாரம் என் உயிரை எடுத்தவர்தானே நீர்!

இரணியல்வாசி: இப்போதும் நெத்திலிதான். யார் எறிந்தது?

கடியபட்டணத்தான்: கடல் எறிந்தது. போதுமா?

இரணியல்வாசி: கடல் எறிந்தால் கணக்கில் வராது. ஆள் எறிய வேண்டும். எந்த ஆள்?

வடசேரி பையன்: எங்கள் வீட்டிலும் நெத்தோலிதான்.

இரணியல்வாசி: உம்மை யார் கேட்டது?