கன்னி பொட்டியும் ஜூரியும்: என் அனுபவம்

போட்டோ கண்காட்சிக்குப் படம் அனுப்புன அனுபவத்தை எல்லாரும் எழுதறதைப் பாத்து நானும் எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

நினைவும் தொன்மமும்னு தீம், எட்டு படம், கூட 150 வார்த்தைல ஒரு குறிப்பு. எனக்கு உடனே தனுஷ்கோடிதான் தோணுச்சு. ராமர் வில்லு நுனியால பாலத்தை உடைச்ச கதையும் அங்க இருக்கு, 1964 டிசம்பர் புயல்ல பாம்பன்ல இருந்து போன ரயில் ஆளோட கடல்ல போன நினைவும் இருக்கு. ஆனா அங்க இடிஞ்சு நிக்கிற சர்ச் கட்டடத்தை எடுக்காத கேமரா தமிழ்நாட்டுல உண்டா? விட்டுட்டேன்.

எங்க வீட்டுல, விருதுநகர் பக்கம், ஒரு கன்னி பொட்டி உண்டு. தாத்தாவோட தங்கச்சி, 11 வயசுல பெரியம்மை வந்து அம்மன் எடுத்துக்கிட்டான்னு சொல்லுவாங்க. கல்யாணம் ஆகாம செத்த பொண்ணை வீட்டு தெய்வமா கும்புடறது எங்க பக்கம் நிறைய குடும்பத்துல உண்டு. 1977லயே நம்ம நாட்டுல பெரியம்மை ஒழிஞ்சாச்சு, ஆனா அவங்களுக்கு இன்னும் வருஷா வருஷம் தை மாசம் புது பாவாடை சட்டை எடுக்கறோம், கடைக்காரர் யாருக்குன்னு கேட்டா 11 வயசுப் பிள்ளைக்குன்னுதான் சொல்லணும், எத்தனை வருஷம் போனாலும் அதே சைஸ். பனை ஓலைப் பொட்டிக்குள்ள பாவாடை, ரிப்பன், கண்ணாடி வளையல், சீப்பு எல்லாம் இருக்கு, போட்டோ மட்டும் கிடையாது. அத்தை கேட்டா கருப்பா ரெட்டை சடைம்பாங்க, சித்தப்பா நல்ல செவப்புன்னு சண்டைக்கு வருவாரு, ரெண்டு பேருமே அவங்க செத்து ரொம்ப வருஷம் கழிச்சுப் பொறந்தவங்க!

பொட்டியை எடுக்கப் போறேன்னதும் அத்தை "என்கிட்ட எதுக்குய்யா கேக்க, கன்னிகிட்ட கேளு"ன்னுட்டாங்க. பூக்கட்டிப் பாத்தோம், வெள்ளை வந்துச்சு, அப்புறம்தான் கேமராவையே வெளிய எடுத்தேன்.

இனிமே அனுப்பறவங்களுக்கு ஒண்ணு, ஃபைலை எஸ்ஆர்ஜிபில (பெரும்பாலான ஸ்க்ரீன்ல கலர் சரியாத் தெரியற செட்டிங்) மாத்தி அனுப்புங்க. நான் அடோபி ஆர்ஜிபிங்கற வேற கலர் செட்டிங்லயே அனுப்பி, இன்னொரு ஸ்க்ரீன்ல பாத்தா அரக்குப் பாவாடை சாயம் போன மாதிரி இருந்துச்சு, கடைசி நாள் ராத்திரி அழாத குறையா திரும்ப ஏத்துனேன். பேரு தெரியாமதான் ஜூரி பாப்பாங்க, அதனால படத்துல வாட்டர்மார்க் கூடாது. குறிப்புல முதல்ல தொன்மம் படிமம்னு அளந்து விட்டிருந்தேன், ஃப்ரெண்டு ஒருத்தன் படிச்சுட்டு உங்க அத்தைக்கு இது புரியுமாடான்னான், எல்லாத்தையும் அழிச்சுட்டு பாவாடை சைஸ் விஷயத்தை மட்டும் எழுதுனேன்.

எட்டுல மூணு எடுத்தாங்க. பொங்கல் வைக்கிற படம், கூட்டமா கும்புடற படம், நான் பெருசா நம்புனது எல்லாம் அவுட். பொட்டி தொறந்து பாவாடை மடிப்பு தெரியற படத்தை நடுவுல மாட்டியிருந்தாங்க.

அத்தையைக் கூட்டிட்டுப் போனேன். அந்தப் படத்துக்கு பத்தடி முன்னாடியே செருப்பைக் கழட்டிட்டாங்க, அங்க நின்ன பையன் பரவால்ல போட்டுக்கங்கம்மான்னு சொல்லியும் கேக்கல. ரொம்ப நேரம் பாத்துட்டு என் காதுல கேட்டாங்க, "பொட்டி தொறந்தே கெடக்கே, ராத்திரி யாருய்யா மூடுவா?"




கண்காட்சி முடிஞ்சதும் ஃப்ரேமை வாங்கிட்டு வந்து ஊருல பொட்டி பக்கத்துலயே சாத்தி வச்சிருக்கோம். பொழுது சாஞ்சா அத்தை அது மேல ஒரு துண்டைப் போட்டு மூடிருவாங்க.