மேல் வயலை மனையாக்கியதில் எங்கள் வாய்க்கால் போய்விட்டது, யாரிடம் போவது?

கடைமடை
உத்திரமேரூர் பக்கம் ஏரிப் பாசன கிராமம் எங்களுடையது. ஒன்றரை ஏக்கர், அதுவும் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில். போன தை மாதம் எங்களுக்கு மேலே இருந்த வயலை விற்றார்கள், வாங்கியவர்கள் நாலடிக்கு கிராவல் கொட்டி கல் நட்டு ரோடும் போட்டுவிட்டார்கள், நடுவில் ஓடிய வாய்க்கால் அந்த ரோட்டுக்கு அடியில் போய்விட்டது, ஒரு சிமெண்ட் குழாய்கூட வைக்கவில்லை. மாசியில் ஏரி நிறைய தண்ணீர் இருந்தும் நவரைப் பட்ட நெல் காய்ந்தது. ஐப்பசி மழையில் வடிய வழியில்லாமல் சம்பா பதினோரு நாள் தண்ணீருக்குள் கிடந்தது, பயிரைப் பிடித்து இழுத்தால் தாள் கையோடு வருகிறது, வேர் சேற்றிலேயே நிற்கிறது. அப்பா விற்றுவிடலாம் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை.

நிலஅளவை
தம்பி, முதலில் எஃப்எம்பி என்கிற புல அளவை வரைபடமும், எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ பதிவேடும் எடுங்கள், ஆன்லைனிலேயே கிடைக்கும். தனி சர்வே எண்ணில் வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் அதை மூட யாருக்கும் உரிமை இல்லை. பட்டா நிலத்துக்குள் ஓடிய வாய்க்கால் என்றால் சிக்கல்தான், காலங்காலமாகத் தண்ணீர் பாய்ந்ததைக் காட்டி சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும். ஏரியின் ஆயக்கட்டு, அதாவது அந்தத் தண்ணீர் பாய்கிற நிலம், நூறு ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம், இரண்டில் எதுவோ அங்கே ஒரு மனு, தாசில்தாருக்கு ஒரு மனு. தனியாகப் போகாதீர்கள், ஆயக்கட்டுக்காரர்கள் எல்லாரையும் கூட்டிப் போங்கள், ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

வேளச்சேரிவாசி
நான் உங்கள் எதிர்ப்பக்கம், இப்படிப்பட்ட மனையை வாங்கியவன். 2015 டிசம்பரில் எங்கள் கீழ்த்தளத்தில் நெஞ்சளவு தண்ணீர். அப்புறம்தான் விசாரித்தேன்: தென்சென்னை ஏரிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்து கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வரும், அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்கிற கால்வாய் வழியாக வெளியேற வேண்டும். ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் இருந்த சதுப்பு நிலம் அது, 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது 1,247 ஹெக்டேர்தான். 2019 கோடையில் அதே வீட்டில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோம், அந்தத் தண்ணீரும் உங்களைப் போன்றவர்களின் ஊர்க் கிணறுகளிலிருந்து வந்ததுதான். வாங்கும்போது இங்கே வாய்க்கால் எங்கே ஓடியது என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்க வேண்டும்.

செய்யாற்றங்கரை
ஒன்றை விட்டுவிட்டீர்கள். உங்கள் கடைமடையில் வடிகிற தண்ணீர்தான் பல இடங்களில் அடுத்த ஊர் ஏரிக்கு வரத்து. கீழே இருக்கிற ஊர்க்காரர்களிடமும் பேசுங்கள், அவர்களுக்கும் இது உயிர்ப் பிரச்சினை.

கடைமடை
வரைபடம் எடுத்துப் பார்த்தேன் அண்ணா. வாய்க்காலுக்குத் தனி எண் இருக்கிறது, புறம்போக்கு என்றே போட்டிருக்கிறது. கீழ் ஊரிலிருந்து நாலு பேர், எங்கள் ஊரில் ஒன்பது பேர் வருகிறேன் என்றிருக்கிறார்கள். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் போகிறோம். அப்பாவும் வருகிறார்.